ரியோவில் கிறிஸ்து சிலை மலை: எப்போது ஏறுவது, எப்படி ஏறுவது

கேள்வி இதுதான்: "வேலை விஷயமாக சாவோ பாவ்லோ போகிறேன். வேலை முடிந்ததும் அப்பா அம்மாவையும் வரவழைத்து ரியோ டி ஜெனிரோவில் மூன்று நாள் தங்கலாம் என்று திட்டம். மலை உச்சியில் இருக்கும் கிறிஸ்து சிலைக்கு ரயிலில் போவதா, வேனில் போவதா, நடந்து ஏற முடியுமா? எந்த நேரம் நல்லது? போய் வந்த சிலர் 'கூட்டம்தான் மிச்சம், சுகர்லோஃப் மலைக்கு மட்டும் போய்ட்டு வா' என்கிறார்கள். உண்மையா? வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?"

ரயிலா வேனா என்பதை அப்புறம் பார்க்கலாம். அந்த மலையைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது மேகம். ஊரிலிருந்து கிளம்பும்போதே தேதி, மணி எல்லாம் குறித்து டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறவர்களில் கணிசமானவர்கள் மேலே போய் வெள்ளை வெளேர் என்று ஒரு மூட்டத்தைப் பார்த்துவிட்டு, சிலையின் பீடத்தை மட்டும் படம் பிடித்துக்கொண்டு இறங்கி வருகிறார்கள். சிலை நிற்கும் கொர்கொவாடோ மலையின் உயரம் சுமார் 700 மீட்டர்தான், ஆனால் கடல் கிட்டத்தட்ட அதன் காலடியிலேயே இருக்கிறது. கடலிலிருந்து வரும் ஈரக் காற்று செங்குத்தான சரிவில் மோதி மேலே ஏறுகிறது, ஏற ஏறக் குளிர்கிறது, மேகமாகி உச்சியைச் சுற்றித் தங்கிவிடுகிறது. கீழே கோபகபானா கடற்கரையில் வெயில் மண்டையைப் பிளக்கும், ஆட்கள் குடையை நட்டு இளநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள், அதே நேரத்தில் மேலே நிற்பவருக்குச் சிலையின் முழங்காலுக்கு மேல் ஒன்றும் தெரியாது. இது அபூர்வமாக நடப்பதில்லை, அடிக்கடி நடக்கும்.

அதனால் மூன்று நாள் கையில் வைத்திருக்கிற நீங்கள் எந்த நாளையும் முன்கூட்டியே இந்த மலைக்கு என்று ஒதுக்காதீர்கள். தினமும் காலையில் எழுந்ததும் நிமிர்ந்து பாருங்கள். பொட்டஃபோகோ, ஃப்ளமெங்கோ, லாகோவா ஏரிக்கரைப் பகுதிகளில் தங்கினால் சிலை நன்றாகவே தெரியும். கோபகபானாவின் உள் தெருக்களில் கட்டடங்கள் மறைக்கும், கொஞ்சம் நடந்து திறந்த இடமாகப் பார்த்து நிற்க வேண்டும். சிலை கத்தி வைத்து வெட்டினாற்போல் தெளிவாகத் தெரிகிறதா, மற்ற திட்டத்தை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு அன்றைக்கே கிளம்புங்கள். மேகத்துக்குள் இருக்கிறதா, கடற்கரைக்கோ அருங்காட்சியகத்துக்கோ போய்விட்டு மறுநாள் பாருங்கள். காட்சி தெரியவில்லை என்பதற்காகப் பணம் திரும்பி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, கார்னிவல் நாட்கள், ஜூலைப் பள்ளி விடுமுறை, ஈஸ்டர் வாரம், இப்படிப்பட்ட சமயங்களில் ரயில் டிக்கெட் அன்றன்றைக்குக் கிடைப்பது கஷ்டம். அப்போது வேன்தான் கை கொடுக்கும். மே முதல் செப்டம்பர் வரை போகிறீர்கள் என்றால் கவலை குறைவு: அது அங்கே குளிர்காலம், மழை கம்மி, வானம் தெளிவாக இருக்கும் நாட்கள் அதிகம், கூட்டமும் ஓரளவு அடங்கியிருக்கும். அங்கே கோடைக்காலம்தான் மழைக்காலம், சாயங்காலம் திடீரென்று இடி மின்னலோடு கொட்டும். ஒன்று மட்டும், ஜூன் மாதத்தில் ஐந்தேகால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், அதற்கேற்ப நாளை அமைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். "காலையில் போ", "மாலையில் போ" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள், இரண்டுமே சரிதான், எதைப் பார்க்கப் போகிறோம் என்பதில் இருக்கிறது விஷயம். சிலை கிழக்கே, குவானபாரா விரிகுடாவைப் பார்த்து நிற்கிறது. காலையில் வெயில் நேராக அதன் முகத்தில் விழும், சிலையைப் படம் எடுக்க அதுதான் நேரம். ஆனால் அதே காலையில் சிலையின் பார்வையில் நீங்கள் திரும்பி விரிகுடாவையும் சுகர்லோஃப் மலையையும் பார்த்தால் சூரியன் உங்கள் கண்ணுக்கு நேராக இருக்கும், கடல் தகதகவென்று கூசும், ஊர் மங்கலாகத் தெரியும். மதியத்துக்கு மேல் இது அப்படியே தலைகீழாகிறது: ஊர் பளிச்சென்று துலங்கும், சிலை பின்னால் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு கறுத்துப் போய் நிற்கும். பெற்றோரோடு போகிறீர்கள் என்பதால் நான் காலை முதல் வண்டியையே சொல்வேன். காரணம் படம் இல்லை, கூட்டம். முதல் வண்டிகளில் போகிறவர்களுக்கு மேடையில் காலாற நிற்க இடம் கிடைக்கும், பத்து மணிக்கு மேல் சுற்றுலா நிறுவனங்களின் ஆட்கள் வந்து இறங்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்போது வழி. ரயில் கோஸ்மி வெல்யோ என்ற பகுதியிலிருந்து கிளம்புகிறது. அங்கே மெட்ரோ கிடையாது. லார்கோ டோ மஷாடோ வரை மெட்ரோவில் வந்து அங்கிருந்து பஸ்ஸோ டாக்ஸியோ பிடித்தால் சீக்கிரம் போய்விடலாம். தண்டவாளத்தின் நீளம் நாலு கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு, ஏறுவதற்கு இருபது நிமிடம் போல ஆகும். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் பற்கள் கொண்ட மூன்றாவது ஒன்று ஓடுகிறது, வண்டியின் அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வித்தான் மேலே ஏறுகிறது, சில இடங்களில் ஏற்றம் முப்பது சதவீதம் வரை. ஏறும்போது வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். பாதி வழிக்கு மேல் மரங்கள் ஓர் இடத்தில் விலகும், கீழே லாகோவா ஏரியும் அதற்கப்பால் இபனேமாவும் கடலும் ஒரே வீச்சில் தெரியும், இடப்பக்கம் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அப்போது எழுந்து உங்கள் மடியில் விழுவார்கள்.

அந்த ரயிலுக்காகவே ரயிலில் போகலாம் என்பது என் கட்சி. சிலைக்காகப் போட்ட பாதை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், ஆனால் ரயில் சிலையைவிட நாற்பத்தேழு வயது மூத்தது. 1884இல் பிரேசிலின் பேரரசர் இரண்டாம் பெட்ரோ திறந்து வைத்தார், அப்போது நீராவி வண்டி. உச்சியில் அன்றைக்கு ஒரு சிலையும் கிடையாது. காட்சி பார்ப்பதற்கென்று ஓர் இரும்பு மண்டபம் இருந்தது, சூரியத் தொப்பி என்று அதற்குப் பெயர். 1910இல் இந்தப் பாதையை மின்மயமாக்கினார்கள், பிரேசிலில் மின்சாரத்தில் ஓடிய முதல் ரயில் பாதை இதுதான். அப்புறம் சிலைக்கான சிமெண்ட், இரும்பு, கல் எல்லாவற்றையும் இதே பாதையில்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். இப்போது ஓடுவது சில ஆண்டுகளுக்கு முன் ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்த புதுப் பெட்டிகள், ஜன்னல் பெரிது, சத்தம் குறைவு.

வேன் என்றால் பூங்காவின் அங்கீகாரம் பெற்ற வேன். கோபகபானாவில் ஒரு சதுக்கத்திலிருந்தும், லார்கோ டோ மஷாடோவிலிருந்தும் கிளம்புகிறது. நுழைவுக் கட்டணமும் அதிலேயே சேர்ந்துவிடும். கோபகபானாவில் தங்குகிறவர்களுக்கு இதுதான் சுலபம், வாசலில் ஏறி மேலே இறங்கலாம் என்கிற அளவுக்கு. சொந்தக் காரிலோ டாக்ஸியிலோ உச்சி வரை போக முடியாது. பெய்னெய்ராஸ் என்ற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அங்கிருந்து பூங்கா வேனுக்கு மாற வேண்டும். ஒரு காலத்தில் அது மலை ரயில் பயணிகளுக்கான ஹோட்டல் இருந்த இடம், இப்போது பார்வையாளர் மையமாக்கியிருக்கிறார்கள், கழிப்பறை சுத்தமாக இருக்கும், கண்காட்சி ஒன்றும் உண்டு. தெருவில் வந்து "நேரே மேலே கொண்டு விடுகிறேன்" என்று சொல்கிற ஆட்களிடம் சரி, சரி என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள், அவர்களாலும் பெய்னெய்ராஸுக்கு மேல் போக முடியாது.

நடந்து ஏற முடியும். பார்க்கி லாஜே என்ற பூங்காவிலிருந்து பாதை தொடங்குகிறது, இரண்டரை மணி நேரம் போல எடுக்கும். கீழ்ப்பகுதி ஓடையை ஒட்டிய நல்ல காட்டுப் பாதை; போகப் போகச் செங்குத்து, ஓரிடத்தில் பாறையில் அடித்திருக்கும் இரும்புப் பிடியையும் சங்கிலியையும் பிடித்து ஏற வேண்டும். மழை பெய்த மறுநாள் வேர்கள் வழுக்கும். கடைசியில் ரயில் தண்டவாளத்தைக் கடந்து சாலைக்கு வந்து சேருவீர்கள், அங்கேயும் நுழைவுக் கட்டணம் உண்டு, நடந்து வந்ததற்கு இனாம் கிடையாது. உடல் பலத்தைவிடப் பெரிய விஷயம் பாதுகாப்பு. இந்தப் பாதையில் வழிப்பறி நடந்திருக்கிறது. வார இறுதியில் காலையிலேயே, நாலைந்து பேரோடு சேர்ந்து, செல்போனைத் தவிர விலை உயர்ந்த பொருள் எதுவும் இல்லாமல் போகிறவர்கள் போகலாம். அப்பா அம்மாவோடு வேண்டவே வேண்டாம். ஆனால் ஏறாவிட்டாலும் பார்க்கி லாஜேக்குப் போங்கள். ஒரு தொழிலதிபர் தன் மனைவியான இத்தாலிய ஓபரா பாடகிக்காகக் கட்டிய மாளிகை, இப்போது ஓவியக் கல்லூரி. நடு முற்றத்தில் நீச்சல் குளம், அந்தக் குளத்தங்கரையில் உட்கார்ந்து காபி குடித்தால் தலைக்கு மேலே மலை உச்சியில் சிலை தெரியும்.

காட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் சிலையை மட்டும் கேட்கிறார்கள், அதைவிடப் பெரிய அதிசயத்துக்கு நடுவே இருபது நிமிடம் உட்கார்ந்து போய்விட்டு ஜன்னலில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ரயில் போகிற மலைச் சரிவு முழுக்க டிஜூகா தேசியப் பூங்கா. பார்த்தால் ஆதிகாலக் காடு போல இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்த மலைகளில் பெரும்பகுதி காப்பித் தோட்டம். மரத்தை வெட்டி, எரித்து, காப்பி வைத்தார்கள். மண் அரித்துப் போனது, ஊற்றுகள் வற்றின, ரியோவுக்குக் குடிதண்ணீர் பஞ்சம் வந்தது. அப்போது இரண்டாம் பெட்ரோவின் அரசாங்கம் தோட்டங்களைக் கையகப்படுத்தி மறுபடியும் காடு வளர்க்க முடிவு செய்தது. 1861இல் மேஜர் மனுவேல் கோம்ஸ் ஆர்ச்சர் என்பவரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் பெயர்தான் எல்லாப் பலகைகளிலும் இருக்கும். குழி தோண்டி நட்டது அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள், பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது அதற்கப்புறம் 1888இல்தான். பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு லட்சம் மரக்கன்றுகள் போல நட்டதாகக் கணக்கு. ஒரு பெருநகரத்தின் நடுவில் இன்று நீங்கள் பார்க்கும் காட்டின் கணிசமான பகுதி இப்படி மனிதக் கை வைத்து வந்தது.

அந்தக் காட்டில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழகிய முகம் தெரியும்: பலா. மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம், போர்த்துகீசியர் கப்பலில் பிரேசிலுக்குப் போய்ச் சேர்ந்தது, அங்கே மண்ணும் மழையும் பிடித்துப்போய்த் தறிகெட்டு வளர்ந்துவிட்டது. ஒரு பழத்தில் அத்தனை கொட்டை, அணிலும் குரங்கும் தின்று பரப்ப, உள்ளூர் மரங்களுக்கு இடம் விடாமல் முளைக்கிறது, பூங்காக்காரர்கள் அதை ஆக்கிரமிப்பு மரமாகக் கருதிக் கட்டுப்படுத்தப் பார்க்கிறார்கள். பருவத்தில் போனால் ரயில் ஜன்னலிலேயே வாசனை அடிக்கும். உங்கள் அம்மா "இவ்வளவு பழம் கேட்பாரற்று விழுந்து கிடக்கே" என்று அங்கலாய்க்கப் போவது நிச்சயம்.

இன்னொன்று, கோவாட்டி. நீண்ட மூக்கு, வரி வரியாக வால், பூனையைவிடக் கொஞ்சம் பெரிய பிராணி. பெய்னெய்ராஸிலும் உச்சிக் கடைகளைச் சுற்றியும் கூட்டமாகத் திரியும். பார்க்கச் சாதுவாக இருக்கும், கையில் பிஸ்கட் பொட்டலம் இருந்தால் பறித்துக்கொண்டு ஓடும், தடுத்தால் கடிக்கும், நகமும் கூர்மை. உணவு கொடுக்காதீர்கள், பையைத் திறந்து வைத்துவிட்டுத் திரும்பாதீர்கள்.

மேலே ரயிலோ வேனோ விடும் இடத்திலிருந்து சிலையின் காலடிக்கு இருநூற்றுச் சொச்சம் படிகள். 2003 வரை எல்லோரும் அதில்தான் ஏறினார்கள். அந்த ஆண்டு லிஃப்டும் அதற்கு மேலே நகரும் படிக்கட்டும் போட்டார்கள், அதனால் முட்டி வலி உள்ளவர்களும் மேலே போக முடியும். லிஃப்ட் வாசலில் வரிசை நிற்கும், நடக்க முடிந்தவர்கள் படியிலேயே போய்விடுவது வேகம். அப்பாவுக்கு இதய சம்பந்தமான தொந்தரவு ஏதாவது இருந்தால் வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் லிஃப்டிலேயே போகச் சொல்லுங்கள், கோடை வெயிலில் அந்தப் படிகள் விளையாட்டில்லை.

சரி, சிலை. ஆள் உயரம் 30 மீட்டர், கீழே பீடம் 8 மீட்டர், ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை 28 மீட்டர். முதலில் போட்ட திட்டத்தில் கை விரித்த கிறிஸ்து இல்லை, ஒரு கையில் சிலுவையும் மறு கையில் உலக உருண்டையும் வைத்திருந்தார், ரியோக்காரர்கள் அதைப் பார்த்துப் 'பந்து வைத்திருக்கிற கிறிஸ்து' என்று கேலி செய்தார்கள். பொறியாளர் ஹெய்ட்டர் டா சில்வா கோஸ்டாவும் ஓவியர் கார்லோஸ் ஓஸ்வால்டும் அதை மாற்றி, ஆளே சிலுவையாக நிற்கும்படி கை விரித்த வடிவத்துக்கு வந்தார்கள். சிற்பி பிரான்சில் இருந்த போல் லாண்டோவ்ஸ்கி, முகத்தைச் செய்தவர் அவரிடம் வேலை பார்த்த ருமேனியச் சிற்பி கியோர்கே லியோனிடா. தலையும் கைகளும் பாரிஸில் முழு அளவில் மாதிரி செய்யப்பட்டுத் துண்டு துண்டாகக் கப்பலில் வந்தன. கட்டுமானக் கணக்கைப் போட்டதில் பிரெஞ்சுப் பொறியாளர் ஆல்பெர் காக்கோவுக்கும் பங்கு உண்டு. 1922இல் ஆரம்பித்தது, 1931 அக்டோபர் 12 அன்று திறந்தார்கள். பணம் பெரும்பாலும் கத்தோலிக்க மக்களிடம் வசூலித்த நன்கொடை.

உள்ளே இருப்பது வெறும் வலுவூட்டிய கான்கிரீட். அப்படியே விட்டிருந்தால் பாலத் தூண் மாதிரி அழுக்குச் சாம்பலாக நின்றிருக்கும். மேலே போர்த்தியிருப்பது மாக்கல். ஆமாம், நம் வீட்டுக் கல்சட்டி செய்கிற அதே வகைக் கல், வற்றக்குழம்பு வைக்க வாகானது என்று பாட்டிகள் சொல்கிற கல். பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் அது நிறையக் கிடைக்கிறது, அங்கேயும் அதில் சமையல் பாத்திரம் குடைகிறார்கள். நகத்தால் கீறலாம் போல மென்மை, சுலபமாக அறுக்கலாம், அதே சமயம் வெயிலுக்கும் மழைக்கும் விரிசல் விடாது. அதைச் சின்னச் சின்ன முக்கோணத் துண்டுகளாக லட்சக்கணக்கில் அறுத்து, தேவாலயத்துப் பெண்கள் தன்னார்வமாக உட்கார்ந்து துணியில் வரிசையாக ஒட்டிக் கொடுத்தார்கள், அந்தத் துணிப் பட்டைகளைக் கொத்தனார்கள் கான்கிரீட்டின் மேல் பதித்தார்கள். ஒட்டும்போது சில பெண்கள் கல்லின் பின்பக்கத்தில் குடும்பத்தார் பெயரையும் வேண்டுதலையும் எழுதி வைத்தார்கள், அவை இன்னும் சிலைக்குள் பார்க்க முடியாதபடி ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. பீடத்துக்கு அருகே போய்ப் பாருங்கள், தூரத்தில் வழுவழு வெள்ளையாகத் தெரிவது கிட்டத்தில் சாம்பல், பச்சை கலந்த சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரியும். சீரமைப்பில் மாற்றிய துண்டுகள் கொஞ்சம் அடர்த்தியான நிறம், பழைய வெளிர் கல் இப்போது கிடைப்பதில்லை.

மின்னலுக்கு இந்தச் சிலை மேல் தனிப் பிரியம். ஆண்டுதோறும் பல முறை விழுகிறது. தலையிலும் கைகளிலும் இடிதாங்கிக் கம்பிகள் வைத்திருக்கிறார்கள், பெரிதாக்கிப் பார்த்தால் தலையில் முள்முடி போலத் தெரிவது அதுதான். அப்படியும் 2014 ஜனவரியில் வலது கட்டை விரலின் நுனி சிதறியது. இடி முழங்குகிற வானத்தைப் பார்த்தால் மேலே போகும் யோசனையையே விட்டுவிடுங்கள்.

பீடத்துக்குள் சின்னதாக ஒரு சிற்றாலயம் இருக்கிறது, அப்பரேசிதா அன்னை (பிரேசிலில் மாதாவுக்கு ஒரு பெயர்) பேரில். பலர் கவனிக்காமலே போய்விடுவார்கள், வாசல் சிலையின் முதுகுப் பக்கம். திருமணம், ஞானஸ்நானம் எல்லாம் நடக்கும். சிலை ரியோ பேராயத்துக்குச் சொந்தம், சுற்றியிருக்கும் மலையும் காடும் மத்திய அரசின் பூங்கா, ஆகவே யாருடைய வாசல், யாருடைய வருமானம் என்று இரண்டு பேருக்கும் அவ்வப்போது இழுபறி. நம்மூர்க் கோயில் நிலத் தகராறு தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதாகத் தோன்றாது.

இப்போது உங்கள் நண்பர்கள் சொன்ன குறைக்கு வருகிறேன். கூட்டம் பற்றி அவர்கள் சொன்னது உண்மை. மேடை அகலம் கம்மி, எல்லோருக்கும் ஒரே படம் வேண்டும்: கையை விரித்துக்கொண்டு ஒருவர் நிற்க, முழு உருவமும் சட்டகத்துக்குள் வர வேண்டும் என்பதற்காக எடுப்பவர் தரையில் மல்லாந்து படுக்க, அவரைத் தாண்டிப் போக முடியாமல் பத்துப் பேர் காத்திருக்க, இதற்கு நடுவில் ஒரு குழந்தை அழும். சிலையை அதன் காலடியிலிருந்து பார்ப்பது உண்மையில் நல்ல கோணமே கிடையாது. தாடையும் மூக்குத் துவாரமும்தான் தெரியும். சிலை நன்றாகத் தெரிவது கீழிருந்து, லாகோவா ஏரிக்கரையிலிருந்து சாயங்காலம் விளக்கு போட்ட பிறகு. அல்லது டோனா மார்த்தா என்ற பார்வை மேடையிலிருந்து. மலைக்குப் போகிற சாலையில் பாதியில் பிரிந்து போக வேண்டும், கட்டணம் கிடையாது, ஒரு பக்கம் சிலை, இன்னொரு பக்கம் சுகர்லோஃப், பொட்டஃபோகோ வளைகுடா என்று எல்லாம் கிடைக்கும். டாக்ஸியைக் காத்திருக்கச் சொல்லிப் பகலில் போய்விட்டு வாருங்கள்.

ஆனால் அதற்காக உச்சிக்குப் போகாதே என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உச்சிக்குப் போவது சிலையைப் பார்க்க இல்லை, சிலை பார்க்கிறதைப் பார்க்க. அங்கிருந்து பார்த்தால்தான் ரியோ ஏன் இப்படித் தாறுமாறாக அமைந்த ஊர் என்று புரியும். மலைகளுக்கு நடுவில் கிடைத்த பள்ளங்களில் எல்லாம் ஊர் வழிந்து நிரம்பியிருக்கிறது. நேர் எதிரே விரிகுடாவின் வாயில் சுகர்லோஃப், அதற்கு இடப்பக்கம் எதிர்க்கரை நகரமான நிதெரோய்க்குப் போகும் 13 கிலோமீட்டர்ப் பாலம் தண்ணீர் மேல் மெல்லிய கோடாக. வலக்கைப் பக்கம் லாகோவா ஏரி, குதிரைப் பந்தயத் திடல், இபனேமா, லெப்லான், முடிவில் இரட்டைப் பாறை. இடக்கைப் பக்கம் பழைய நகரம், இன்னும் திரும்பினால் மரக்கானா அரங்கத்தின் வெள்ளை வட்டம். பணக்காரக் குடியிருப்பை ஒட்டினாற்போலவே சரிவில் ஏறும் ஃபவேலாக்கள் எனும் குடிசைப் பகுதிகள். முதுகுப் பக்கமும் போய்ப் பாருங்கள், யாரும் போக மாட்டார்கள், இடம் காலியாக இருக்கும். அந்தத் திசையில்தான் தொழிலாளிகள் வாழும் புறநகர்கள் பரந்து கிடக்கின்றன. கிறிஸ்து கடற்கரைப் பணக்காரர்களைப் பார்த்து நிற்கிறார், எங்களுக்கு முதுகைக் காட்டுகிறார் என்று அந்தப் பக்கத்து மக்கள் சொல்லும் கேலியில் கொஞ்சம் நிஜமும் இருக்கிறது.

சுகர்லோஃப்பை இதற்கு மாற்றாக வைக்காதீர்கள், ஜோடியாக வையுங்கள். உயரம் 396 மீட்டர்தான், அதனால் மேகம் அதை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. 1912இலிருந்து கேபிள் கார் ஓடுகிறது, முதலில் ஊர்கா குன்று, அங்கே மாறி இரண்டாவதில் உச்சி. மூன்று மணி வாக்கில் போய் இருட்டும் வரை உட்கார்ந்திருங்கள். சூரியன் கொர்கொவாடோ மலைக்குப் பின்னால்தான் இறங்கும், ஊரில் விளக்குகள் ஏறும், கடைசியில் சிலைக்கும் வெளிச்சம் போடுவார்கள். காலையில் கொர்கொவாடோ, மாலையில் சுகர்லோஃப் என்று ஒரே நாளில் முடிப்பவர்கள் உண்டு, பெற்றோருக்கு அது அலைச்சல், இரண்டு நாளாகப் பிரித்துவிடுங்கள். மூன்று நாளும் கொர்கொவாடோ மேகத்துக்குள்ளேயே இருந்துவிட்டால் மனசை ஆற்றிக்கொண்டு சுகர்லோஃப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்போது உங்கள் நண்பர்கள் சொன்னது சரியாகிவிடும்.

சில்லறை விஷயங்கள். மேலே காற்று பலமாக அடிக்கும், ஊரைவிடச் சில டிகிரி குளிர், குளிர்கால மாதங்களில் அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் கட்டாயம். தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள், உச்சிக் கடைகளில் விலை யானை விலை. சைவம் என்றால் சீஸ் ரொட்டி உருண்டையும் (அதில் பெரும்பாலும் முட்டை சேர்ப்பார்கள்) அசாயி பழக்கூழும் எங்கும் கிடைக்கும், மலைக்குப் போகிற அன்று கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டால் போதும், கோவாட்டி கண்ணில் படாமல். திரும்பும்போது மதிய நேரமானால் ரயிலுக்கும் வேனுக்கும் வரிசை நீளும், அவசர வேலை எதையும் அதற்கடுத்து வைக்காதீர்கள்.

கடைசியாக, ஊரிலிருந்து கிளம்பும் முன் செய்ய வேண்டியது ஒன்று. பிரேசில் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடு. அங்கே போய்விட்டு இந்தியா திரும்புகிறவர்களிடம் விமான நிலையத்தில் தடுப்பூசி அட்டை கேட்பார்கள், இல்லையென்றால் தனிமை முகாமில் பிடித்து வைக்க அதிகாரம் உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்த அட்டை செல்லும், அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள், அங்கேயும் குறிப்பிட்ட நாட்களில்தான். அறுபது வயது தாண்டியவர்களுக்கு அந்த ஊசி போடலாமா என்று மருத்துவர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், ஆகவே அப்பா அம்மா விஷயத்தில் விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.